சீனச் சிறுவன் மற்றும் பதினேழு பேர்

கோபாலபுரத்தில் மூன்று தெருக்களின் துணிகளை இருபத்திரண்டு வருஷமாகத் தேய்த்துக் கொடுப்பவள் செண்பகம். எந்த வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். பேண்ட் வருவது நின்று வேட்டி வர ஆரம்பித்திருக்கும். தெரிந்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

முன்பு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தாள். அங்கிருந்து எல்லோரையும் கிளப்பி, லாரியில் ஏற்றி, பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள். அதற்கு முன், மாற்று வீட்டுக்காகக் கணக்கெடுத்த ஆள் வந்த அன்று செண்பகமும் அவள் புருஷன் மதிவாணனும் வேலைக்குப் போயிருந்தார்கள். மதிவாணனின் அண்ணன் சின்னப்பையன் மட்டும் வீட்டில் படுத்திருந்தார். அவர் குடும்பத்தையும் இவர்கள் குடும்பத்தையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிக்கொண்டு போய்விட்டான் அந்த ஆள். பலன், ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீட்டில் ஒன்பது பேர். இப்படி விடுபட்ட குடும்பங்கள் பதினெட்டு. எல்லோரும் சேர்ந்து, சின்னப்பையனைத் தலையாகப் போட்டு, ஹைகோர்ட்டில் கேஸ் போட்டார்கள்.

போட்டு மூன்று வருஷமாகிறது. எப்போது கேட்டாலும் சின்னப்பையன் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "கேஸ் நடந்துகினு கீது." எங்கே நடக்கிறது, எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது. கேஸ் போட்ட வக்கீல் வேறு ஊரில் உத்தியோகம் கிடைத்துப் போய்விட்டார். அவருடைய போன் நம்பர் யாரோ ஒரு கல்யாண மண்டபத்துக்காரரிடம் இருந்தது.

செண்பகத்தின் இஸ்திரி வண்டிக்கு எதிர்மாடியில் ஷண்முகப்ரியா என்ற இளம் வக்கீல் குடியிருந்தாள். கறுப்புக் கோட்டைத் தேய்க்கக் கொடுக்க வந்தவளிடம் செண்பகம் கேஸைப் பற்றிக் கேட்டாள். நம்பர் என்ன என்று கேட்டாள் ஷண்முகப்ரியா. நம்பர் இருந்தால் நான் ஏன் உன்னைக் கேட்கிறேன் என்றாள் செண்பகம். கோர்ட்டின் சொந்தத் தளத்தில் நம்பர் இல்லாமல் தேடுவது கஷ்டம். ஆனால் தீர்ப்புகளையெல்லாம் திரட்டி வைத்திருக்கும் தனியார் தளம் ஒன்று இருக்கிறது, பெயரைப் போட்டாலே வரும், மெஷினே தமிழில் மாற்றியும் கொடுக்கும் என்று சொல்லி, ஷண்முகப்ரியா அதைச் செண்பகத்தின் போனில் திறந்து கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடினாள்.

செண்பகம் சின்னப்பையன் என்று போட்டாள். ஒன்றும் வரவில்லை. கேஸ் காகிதத்தில் தகப்பன் பெயரும் இருக்குமே என்று, செத்துப்போன மாமனாரின் பெயரைப் போட்டாள்: சுப்பராமன். வரிசையாக வந்தது. முதலில் வந்தது மாமனார் இல்லை, வண்டி நிற்கும் தெருவின் மூன்றாவது பங்களா சுப்பராமன்.

தன் கேஸை அப்படியே விட்டுவிட்டு அதைப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பங்களா சுப்பராமன் கணக்கு இலாகாவில் நாற்பது வருஷம் குப்பை கொட்டி ரிடையர் ஆனவர். அவருக்கும் அவர் தம்பிக்கும், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கக்கூஸ் யாருக்கு என்று பதினோரு வருஷமாகச் சண்டை. மெஷின் தமிழ் கொஞ்சம் மக்கர் செய்தது. "வாதி தன் உடையைத் தாக்கல் செய்தார்" என்றது. "உடை செலவுடன் தள்ளுபடி செய்யப்பட்டது" என்றது. எந்த உடை என்று செண்பகத்துக்குக் கவலையாகிவிட்டது. தான் தேய்த்த உடையாக இருந்துவிடப் போகிறதே என்று. அடுத்த வரி இன்னும் விசேஷம்: "பெரியப்பா எந்தப் பிரச்சினையும் இல்லாமல் இறந்தார்."

புதன்கிழமை சுப்பராமன் தன் சட்டைகளை வாங்க வந்தார். செண்பகம் உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "உங்க பெரியப்பா பிரச்சினை இல்லாம செத்தாராமே சாரே. குடுத்து வெச்ச மனுசன். நீங்க ரெண்டு பேரும் ஒரு கக்கூசுக்கு இன்னாத்துக்கு இப்டி அடிச்சிக்கிறீங்கோ?"

சுப்பராமனின் முகம் சட்டையின் வெள்ளைக்கு வந்துவிட்டது. "எங்காத்து விஷயத்தை உனக்கு யார் சொன்னா?"

"நெட்டுல கீது சாரே. யாரு வேணா படிக்கலாம்."

அன்று மாலையே அவர் ஷண்முகப்ரியாவைப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதனுக்கு அந்தரங்கம் என்று ஒன்று கிடையாதா, இஸ்திரி வண்டி வரைக்குமா சட்டம் தீர்ப்பைக் கொண்டுவந்து போடும் என்று கொதித்தார். ஷண்முகப்ரியா பொறுமையாகச் சொன்னாள்: சில வழக்குகளில் பெயரை மறைப்பது உண்டு, பாதிக்கப்பட்ட பெண்கள், குழந்தைகள் என்றால் மறைக்கத்தான் வேண்டும், சொத்துச் சண்டைக்கு அது பொருந்துமா என்பது சந்தேகம். மற்றபடி கோர்ட்டின் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. போகிற போக்கில், சூட் என்றால் வழக்கு, இஷ்யூ இல்லாமல் என்றால் வாரிசு இல்லாமல் என்று செண்பகத்துக்கும் விளக்கினாள். கோர்ட்டில் போய்ச் சண்டை போட்டால் கோர்ட்டுக்காரன் எழுதத்தானே செய்வான் என்பது செண்பகத்தின் கட்சி. சுப்பராமனுக்கு இருவர் சொன்னதும் ஏறவில்லை. வேறு வக்கீலை வைத்து அந்தத் தளத்துக்கு நோட்டீஸ் விட்டார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் செண்பகம் அந்தப் பட்டியலின் அடிவரைக்கும் போனாள். அங்கே இருந்தது. கோட்டூர்புரம், த/பெ சுப்பராமன், நாலாவது பெயர் மதிவாணன். தீர்ப்பு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாக விசாரித்து, பன்னிரண்டு வாரத்துக்குள் தனி வீடு ஒதுக்குவது பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. சுடுகிற பெட்டியை ஒரு டாக்டரின் பேண்ட்மேல் மறந்து வைத்தாள். டாக்டர் இன்றுவரை அந்தப் பேண்டைப் பற்றிக் கேட்கவில்லை. நிறைய பேண்ட் வைத்திருக்கிற மனிதர்.

பொங்கல் விடுமுறை முடிந்து காகிதமாக எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகலாம் என்றார் சின்னப்பையன். விடுமுறை முடிந்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினால், தீர்ப்பைக் காணோம். கேஸ் நம்பரைக் குறித்து வைக்கவும் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நோட்டீஸைப் பார்த்துப் பயந்த தளத்துக்காரர்கள், எந்தச் சுப்பராமன் என்றெல்லாம் மெனக்கெடாமல், அந்தப் பெயர் இருந்த பக்கங்களை மொத்தமாகத் தூக்கியிருந்தார்கள்.

செண்பகம் தேய்த்த சட்டைகளை எடுத்துக்கொண்டு மூன்றாவது பங்களாவுக்குப் போனாள். கத்த வேண்டும் என்றுதான் போனாள். அவர் கதவைத் திறந்ததும் குரல் இறங்கிவிட்டது. "எங்க மாமனார் பேரும் சுப்பராமன்தான் சாரே. மீன்பாடி வண்டி ஓட்டிக்கினு இருந்தாரு. அவரு செத்துப் பன்னெண்டு வருசம் ஆவுது. இப்ப நீங்க அவரை இன்னொரு தபா சாவடிச்சிட்டீங்கோ." பிறகு ஒன்பது பேர் ஒரே அறையில் எப்படிப் படுக்கிறார்கள் என்று சொன்னாள். யார் தலை யார் கால் பக்கம் என்பதைக்கூட விடாமல் சொன்னாள்.

"என் பேரை மட்டும்தாம்மா எடுக்கச் சொன்னேன்" என்றார் சுப்பராமன். நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் மறுநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு வண்டிக்கே வந்துவிட்டார். சனிக்கிழமையாதலால் ஷண்முகப்ரியாவும் இறங்கி வந்தாள். கோர்ட்டின் சொந்தத் தளத்தில் தேடினார்கள். அங்கே பெயரை இங்கிலீஷில்தான் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து அப்படியே அடித்து, தான் மனிதன்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதில் சுப்பராமன் நாலு முறை தோற்றார். சின்னப்பையன் என்ற பெயரை ஏழு விதமாக எழுதிப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை.

"நீ படிச்சியே, அதுல மேல என்ன போட்டிருந்துது? அப்படியே சொல்லு" என்றார் சுப்பராமன்.

செண்பகத்துக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. மெஷின் வழக்கம்போல உளறியிருந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். "சீனச் சிறுவன் மற்றும் பதினேழு பேருன்னு போட்டுகினு இருந்தது சாரே."

சுப்பராமன் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். "நாப்பது வருஷம் நானும் குமாஸ்தாதான். எங்க தப்பு பண்ணுவான்னு எனக்குத் தெரியும். இங்கிலீஷ்ல சின்னாவுல ஒரு 'என்' எழுத்தை முழுங்கிட்டு, பையனைத் தனியா அடிச்சிருக்கான். சைனான்னு போடு."

ஷண்முகப்ரியா போட்டாள். சைனா பையன். வந்தது. கேஸ் நம்பர், தேதி, தீர்ப்பு எல்லாம் வந்தது. செண்பகம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மற்ற இருவருக்கும் தெரியவில்லை. சுப்பராமன் தன் மகனே பாஸானதுபோல் தெருவைச் சுற்றிலும் பார்த்தார்.

வீடு ஒதுக்கும் ஆபீசில் இருந்த அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு, பன்னிரண்டு வாரம் எப்போதோ முடிந்துவிட்டதே, இப்போது வந்தால் எப்படி என்றார். சின்னப்பையன் அதுவும் நியாயம்தான் என்பதுபோல் தலையாட்டினார். செண்பகம் அவரை ஓரமாகத் தள்ளினாள். "பன்னெண்டு வாரம் கெடு எங்களுக்கில்ல சாரே, உங்களுக்கு. நல்லா படிச்சிப் பாருங்கோ." அதிகாரி படித்துப் பார்த்தார். கூடவே ஷண்முகப்ரியா எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தையும் படித்தார். அதில் கோர்ட் அவமதிப்பு என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. உட்காரச் சொன்னார்.

நாலு மாதம் பிடித்தது. பதினெட்டில் பதினோரு குடும்பத்துக்கு வீடு வந்தது. மீதி ஏழுக்கு இன்னும் விசாரணை என்கிறார்கள். செண்பகம் மாதம் ஒருமுறை அந்த ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு அதே அதிகாரிமுன் போய் நிற்கிறாள். அவளைக் கண்டதும் அவர் டீ குடிக்கப் போய்விடுகிறார். இவர்களும் டீக்கடைக்கே போகிறார்கள்.

செண்பகத்துக்குக் கிடைத்தது ஏழாவது மாடி. குடிபோன அன்று லிப்ட் ஓடவில்லை. பீரோவை மதிவாணனும் இன்னும் மூன்று பேரும் படியில் தூக்க, சின்னப்பையன் கீழே நின்றபடி, எப்படித் திருப்ப வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். கேஸைத் தான்தான் ஜெயித்ததாக அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். காகிதத்தில் சைனா பையன் என்றுதானே இருக்கிறது, உன் பெயர் எங்கே என்று செண்பகம் கேட்டதும் அன்றோடு நிறுத்திக்கொண்டார்.

அன்று வண்டிக்கு லீவு விட்டிருந்தாள். எல்லோரும் இறங்கிப் போனபின், இன்னும் சாமான் வைக்காத அறையின் நடுவில் மல்லாந்து படுத்தாள். வலது காலை நீட்டினாள், யார்மேலும் படவில்லை. இடது காலையும் நீட்டினாள். பாய்கூட விரிக்காமல், பட்டப்பகலில், மூன்று மணி நேரம் தூங்கினாள்.