சிவக்காத கால்

நாடகக் குழுவில் அவளை எல்லோரும் பவுடரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த வில்லன் நடிகருக்கும் அவள் அக்காதான். இருபத்தாறு வருஷமாக அந்தக் குழுவுக்கு ஒப்பனை போடுகிறவள். மீசை ஒட்டுவாள், நரை ஏற்றுவாள், கன்னத்தைக் குழியாக்குவாள். ஆனால் அவளுக்குத் தனி ஆசை காயங்கள்மேல்தான். வெட்டு, சிராய்ப்பு, தீக்காயம் என்று கதையில் ஏதாவது வந்துவிட்டால் போதும், அன்றைக்கு மத்தியானமே கொட்டகைக்கு வந்துவிடுவாள். கிளிசரினையும் ஜெலட்டினையும் காய்ச்சி, மெல்லிய காகிதத்தைக் கிழித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஓரத்தில் காப்பித்தூளைத் தூவி, நாக்கை ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு வேலை செய்வாள்.

"மூஞ்சிய அழகாக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அசிங்கமாக்கத்தான் ஆள் இல்ல" என்பாள்.

அவள் கணவர் அதே குழுவின் லைட்டுக்காரர். "அதான் என்னைக் கட்டிக்கிட்டா. ஏற்கெனவே பாதி வேலை முடிஞ்சிருந்துச்சு" என்று அவர் சேர்த்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை நாடகத்தில் வில்லனுக்குக் கை வெந்துபோகிற காட்சி. இடைவேளை விட்டதும் ஒரு டாக்டரம்மா திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு ஒப்பனை அறைக்குள் வந்துவிட்டார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர். வில்லன் வெந்த கையை மேஜைமேல் போட்டுவிட்டு மறு கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இப்படியா உக்காந்திருப்பீங்க? முதல்ல கையத் தண்ணில காட்டுங்க!"

"ஐயோ, தண்ணி பட்டா கரைஞ்சிரும் டாக்டர்!"

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். விரலால் ஓரத்தைத் தொட்டார். தொட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதை யாரு பண்ணது?"

அவர் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களின் பயிற்சிக்கூடத்தை நடத்துகிறவர். நிஜ நோயாளிகளிடம் போவதற்கு முன்னால் மாணவர்கள் அங்கேதான் பழகுவார்கள். அங்கே இருந்ததெல்லாம் நாலு ரப்பர் பொம்மைகளும் இரண்டு கட்டில்களும்தான். பொம்மைக்கு வலிக்காது, எங்கே அழுத்தினாலும் ஒரே முகம். பிள்ளைகளும் பொம்மையைப் போலவே மனுஷனையும் புரட்டப் பழகிவிடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. ஆகவே வாரம் இரண்டு நாள், நோயாளியாகப் படுக்க வில்லனும், அவருக்குப் புண் போட பவுடரக்காவும் கல்லூரிக்குப் போவது என்று ஏற்பாடானது.

முதல் நாள் வில்லனுக்கு வயிற்றுவலி. அவர் கட்டிலிலிருந்து பாதி எழுந்து, ஒரு கையைக் கூரைக்கு நீட்டி, வலியின் வரலாற்றையே சொல்ல ஆரம்பித்தார். மாணவிகள் இரண்டு பேர் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"ஐயா, வயித்துவலிக்கு இவ்வளவு வசனம் வேணாம்" என்றார் டாக்டரம்மா. "கேட்டா மட்டும் சொல்லுங்க. கேக்கலைன்னா சும்மா படுத்திருங்க."

"சும்மா படுத்திருக்கிறதுதான் டாக்டர் ரொம்பக் கஷ்டமான நடிப்பு" என்றார் வில்லன். ஆனாலும் கற்றுக்கொண்டார்.

பவுடரக்காவுக்கு ஒரு தடித்த படப் புத்தகம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து அப்படியே போட வேண்டும். அவளும் அப்படியே போட்டாள். கொப்புளம், தடிப்பு, சீழ்க்கட்டி எல்லாம் நன்றாகவே வந்தன. ஒன்றுதான் உறுத்தியது. தோலுக்கடியில் கிருமி புகுந்து கால் வீங்கிப் பரவுகிற ஒரு நோய். படத்தில் இருந்தது வெளுத்த கால். அதில் வீக்கம் தக்காளிச் சிவப்பில் தெரிந்தது. வில்லனின் காலோ நல்ல கறுப்பு. அதில் சிவப்பைப் பூசியதும் செங்கல் பொடியில் நடந்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது. ஆனால் மாணவர்கள் வாசலில் நுழைந்ததுமே சரியான விடையைச் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா முதுகில் தட்டிக்கொடுத்தார். பவுடரக்காவுக்குத்தான் அன்று முழுக்க மனசு ஒட்டவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் அந்த நோயை நேரில் பார்த்தவள்.

மூன்று வருஷம் முன்னால் மேடையில் கிடந்த ஆணி ஒன்று லைட்டுக்காரரின் பாதத்தில் ஏறியது. இரண்டாம் நாள் கால் வீங்கியது. பக்கத்துத் தெரு டாக்டர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "சிவப்பெல்லாம் ஒண்ணும் இல்லையே, ஏணியில இறங்கும்போது பிசகியிருக்கும்" என்று தைலம் எழுதிக் கொடுத்தார். சிவப்பு இல்லைதான். ஆனால் நிறம் மாறியிருந்தது பவுடரக்காவுக்குத் தெரிந்தது. கணுக்காலைச் சுற்றித் தோல் இன்னும் கறுத்து, உள்ளே கத்தரிப்பூ நிறம் ஓடி, இழுத்துக் கட்டிய மாதிரிப் பளபளத்தது. தொட்டால் சுட்டது. "இது என்னங்க புது நிறமா இருக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். டாக்டரே சொன்னபிறகு ஒப்பனைக்காரி என்ன சொல்ல முடியும் என்று விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

லைட்டுக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எட்டு போதும், எண்ணச் சுலபம்" என்று சொல்லிவிட்டு ஏணியேறப் போய்விட்டார். அவள்தான் பல நாள் அந்த நிறத்தை மனசுக்குள்ளே கலந்து கலந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருஷக் கடைசியில் பரீட்சை வந்தது. நாற்பது மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் வில்லனிடம் ஆறு நிமிஷம். வீங்கிய கால்தான் கேள்வி. காலையில் டப்பாவைத் திறந்த பவுடரக்கா சிவப்பை எடுத்தாள், மூடிவைத்தாள். கறுப்புப் பழுப்பையும் ஊதாவையும் எடுத்தாள். ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்துச் சுற்றியுள்ள தோலோடு கரைத்தாள். மேலே கிளிசரினால் ஒரு பளபளப்பு. கட்டிலுக்கடியில் வெந்நீர்ப் பையையும் வைத்தாள்.

"ஒவ்வொரு பிள்ளை வெளிய போனதும் இதைக் கால்ல வெச்சுக்குங்க. தொட்டா சுடணும்."

வில்லன் காலைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது நம்ம லைட்டோட காலு."

"ஆமா."

"டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சா?"

அவள் டப்பாவை மூடினாள். சொல்லியிருக்க வேண்டும் என்று தெரியும். சொன்னால் புத்தகத்தைக் காட்டுவார்கள் என்றும் தெரியும்.

மத்தியானம் விடைத்தாள்களைப் புரட்டிய தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் அவர். பெரிய டாக்டர் என்றால் கல்லூரியில் அவர் ஒருவர்தான். நாற்பதில் முப்பத்தொரு பேர் சுளுக்கு என்றும் வெறும் வீக்கம் என்றும் எழுதியிருந்தார்கள். ஒன்பது பேர்தான் சரி. பவுடரக்காவைக் கூப்பிட்டனுப்பினார். டாக்டரம்மா முகம் வெளிறிப் பக்கத்தில் நின்றார். வில்லன் கூப்பிடாமலே ஊதாக் காலோடு வந்து நின்றார்.

"பயிற்சியில சிவப்பா இருந்துச்சு. பரீட்சைக்கு ஏன் மாத்தினீங்க? யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"யாரையும் கேக்கல சார். அது என் தப்பு. ஆனா நிறம் தப்பில்ல."

"அப்படின்னா?"

"இவர் தோல் சிவக்காது சார். நான் இருபத்தாறு வருஷமா அதுமேல பவுடர் போடறேன். வெயில்ல நின்னாலும் சிவக்காது, அடிச்சாலும் சிவக்காது. கறுக்கும். உங்க தோலும் அப்படித்தான் சார்."

பெரிய டாக்டர் தன் புறங்கையைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கச் சட்டென்று பேனாவை எடுத்துக்கொண்டார்.

"அந்த ஒன்பது பேர் மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சாங்க? யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"அதை நான் சொல்றேன் சார்" என்றார் வில்லன். "எனக்கு வேற வேலை இல்ல, எண்ணிட்டே படுத்திருந்தேன். காலைக் கையால தொட்டுப் பாத்தது ஒன்பது பேர். மத்தவங்க எல்லாம் வாசல்லயே நின்னு பாத்துட்டு எழுதினாங்க."

பெரிய டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உங்க டப்பாவ எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

மாடியில் ஆண்கள் வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் அதே நோயோடு ஒரு வேன் ஓட்டுநர் மூன்று நாளாகப் படுத்திருந்தார். அவரும் கறுப்புதான்.

"கால் கொஞ்சம் பாக்கலாமா?"

"அதுக்குத்தானே சார் படுத்திருக்கேன்."

பவுடரக்கா கட்டிலருகே மண்டியிட்டாள். தன் புறங்கையில் வண்ணங்களைத் தொட்டுத் தொட்டுக் கலந்தாள். பழுப்பு, ஊதா, கொஞ்சம் சாம்பல். கலந்ததை வீக்கத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அப்புறம் சுத்தச் சிவப்பை விரல்நுனியில் எடுத்து அங்கே காட்டினாள். அது மட்டும் தனியாகத் தெரிந்தது.

பெரிய டாக்டர் குனிந்தபடியே இருந்தார். காலில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வேன் ஓட்டுநருக்குப் பயம் வந்துவிட்டது. "ஏதாச்சும் மோசமா சார்?" என்றார்.

"இல்லப்பா, உனக்கு நல்லா குணமாயிட்டு வருது. எனக்குத்தான் இப்பத் தெரியுது."

படியிறங்கும்போது கேட்டார்: "இந்த நிறத்தை முதல்ல எங்க பாத்தீங்க?"

"வீட்டுல சார்." அவள் ஆணியிலிருந்து ஆரம்பித்து விரல்கள் வரை சொன்னாள். குரலைக் கூட்டாமல், நாடகத்தின் கதையை யாராவது கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அவர் படிகளின் நடுவில் நின்றுவிட்டார். "அந்தப் பக்கத்துத் தெரு டாக்டர் எங்க படிச்சவர்?"

"தெரியாது சார். கேக்கல."

"இங்க படிச்சவரா இருந்தா நான்தான் சொல்லிக் குடுத்திருப்பேன். இருபத்தெட்டு வருஷமா இந்தக் காலைத் தொட்டுத் தொட்டு வைத்தியம் பாக்கறேன். கைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. வகுப்புல வாய் மட்டும் சிவப்பு சிவப்புன்னே சொல்லிட்டு வந்திருக்கு." அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவை சொல்லிட்டுச் செய்யுங்க. நான் கேப்பேன்."

அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணை ரத்து செய்துவிட்டு வேறு கேள்வி வைத்தார்கள். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். எப்போதும் முதலாவதாக வருகிற ஒருவன் பவுடரக்காவை நடைபாதையில் மறித்து, "புத்தகத்துல இல்லாததைக் கேட்டா நாங்க என்ன பண்றது?" என்று சண்டைக்கு வந்தான். "நானும் புத்தகத்தைப் பாத்துத்தான் தம்பி முதல்ல தப்பாப் போட்டேன்" என்று சொன்னாள். அவன் கோபம் குறையாமலே போனான்.

அதற்கடுத்த ஏழெட்டு மாதம் அவள் வாழ்க்கையில் அதுவரை செய்யாத வேலையைச் செய்தாள். காலையில் டாக்டரம்மாவோடு வார்டுக்குப் போவாள். அனுமதி கொடுத்த நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து நிறம் கலப்பாள். மத்தியானம் மெழுகில் கை, கால், முதுகு என்று அச்செடுத்து, ஒவ்வொரு நோயையும் வெளுப்பு, மாநிறம், கறுப்பு என்று மூன்று தோல்களில் தீட்டுவாள். நோயாளிகள் அவளிடம் டாக்டரிடம் சொல்லாததையெல்லாம் சொன்னார்கள். ஒரு அம்மா தன் முழங்கையின் மெழுகு உருவத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மோசமாவா இருந்துச்சு? என்கிட்ட யாருமே சொல்லலியே" என்று ஆச்சரியப்பட்டார்.

லைட்டுக்காரரின் பாதத்தையும் அச்செடுத்தாள். ஆறின பிறகு காயம் எப்படி இருக்கும் என்று காட்ட அது தேவைப்பட்டது. அச்சுக்கான மாவு இறுகும்வரை அவர் வாளிக்குள் காலை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"கடைசில என் காலு நடிகனாயிருச்சு. நான் இன்னும் லைட்டுதான் போட்டுட்டிருக்கேன்."

"பேசாம இருங்க, விரல் கோணிக்கும்."

"இருக்கிறதே மூணு. அது கோணினா என்ன?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, "அன்னிக்கு நான் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்" என்றாள். "நீ சொன்னே. கேக்காம விட்டது நானும்தான். எனக்கும் தைலம் போதும்னுதான் இருந்துச்சு" என்றார். அந்த விஷயத்தை அவர்கள் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஐம்பத்திரண்டு மெழுகு உருவங்கள் கண்ணாடி அலமாரிகளில் ஏறியதும், பெரிய டாக்டர் ஒரு ஏற்பாடு செய்தார். புதிதாகச் சேருகிற மாணவர்கள் கத்தியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை பவுடரக்காவின் அறையில் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு தட்டு, நாலு வண்ணம், ஒரு பிரஷ். தன் முன்கையின் நிறத்தைக் கலந்து காட்ட வேண்டும். ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்து வருகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் குனிந்துகொண்டிருப்பார்கள். மணிக்கட்டுக்கு ஒரு நிறம், முழங்கைக்கு ஒரு நிறம், நரம்பு ஓடுகிற இடத்தில் பச்சை. "எனக்குள்ள இவ்வளவு பச்சையா!" என்று ஒரு மாணவி கத்தியே விட்டாள்.

முதல் வகுப்பில் பெரிய டாக்டரும் கடைசி பெஞ்சில் ஒரு தட்டோடு உட்கார்ந்தார். மற்றவர்கள் முடித்துவிட்டுப் போன பிறகும் அவருடைய தட்டில் சேறு மாதிரி ஏதோ இருந்தது. பவுடரக்கா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"சார், பிரஷ்ஷைக் கத்தி மாதிரிப் பிடிக்கிறீங்க. கொஞ்சம் தளர்த்துங்க."

அவர் தளர்த்தினார். கலந்ததைப் புறங்கையில் தொட்டுவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார்.

"வந்திருச்சா?"

"இல்ல சார். மஞ்சள் ஜாஸ்தி."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கலக்க ஆரம்பித்தார்.