நாற்பத்து நான்கு வயதுப் பயிற்சி மாணவி

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஐந்தாவது செமஸ்டர் முழுவதும் தலைநகரத்தில்தான். வாரத்தில் நான்கு நாள் ஏதாவது ஓர் அலுவலகத்தில் பயிற்சி, வெள்ளிக்கிழமை வகுப்பு. விளம்பரத்தில் படிக்கும்போது வாயில் எச்சில் ஊறும். வந்து பார்த்தால் திங்கள் முதல் வியாழன் வரை காகிதம் அடுக்க வேண்டும், அடுக்கியதில் என்ன கற்றோம் என்று வெள்ளிக்கிழமை கதை விட வேண்டும். நான் கதை விடுவதில் கெட்டிக்காரி. அக்காவுக்கு அது வராது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. விடுதியில் என் அறையைப் பங்கு போட்டுக்கொண்டவள். எனக்கு இருபது வயது, அவளுக்கு நாற்பத்து நான்கு. மாலை நேர வகுப்புப் பிரிவிலிருந்து வந்தவள் என்பதால் அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததே இல்லை. அறைப் பட்டியலைப் பார்த்ததும், வீட்டை விட்டு வந்தும் ஓர் அம்மாவோடு மாட்டிக்கொண்டேனே என்று பொறுப்பாளரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கையை விரித்துவிட்டார். இரண்டு கட்டில், ஒரு மேசை, பக்கத்துக் கட்டடத்தின் சுவரை மட்டும் காட்டுகிற ஒரு ஜன்னல். முதல் நாளே அக்கா மேசை மேல் சாக்பீசால் ஒரு கோடு போட்டு, பெரிய பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அதற்கு மேல் எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை.

பதினேழு வயதில் அப்பா போய்விட, படிப்பை நிறுத்திவிட்டு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தவள். மாத்திரை அட்டைகள் பெல்ட்டில் ஓடி வரும். எந்த அட்டையில் ஒரு மாத்திரை குறைகிறது என்று பார்த்து எடுக்க வேண்டும். அதுதான் வேலை. தம்பிகள் இருவரையும் அந்த வேலையிலேயே படிக்க வைத்தாள், பிறகு கல்யாணம், பிறகு ஒரு மகள். இருபத்து நான்காவது வருடம் அந்தப் பெல்ட்டுக்கு ஒரு கேமரா வைத்தார்கள். பதினோரு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு உட்காராமல் அடுத்த மாதமே கல்லூரிப் படிவம் வாங்கினாள். கணவர் அச்சகத்தில் வேலை செய்கிறவர், நல்ல மனுஷன். "நீ ஆபீசர் ஆயிட்டா நான் வேலைய விட்டுட்டு ஜாலியா இருப்பேன்" என்று தினமும் போனில் அதே ஜோக்கைச் சொல்வார். இவளும் தினமும் அதற்குச் சிரிப்பாள்.

ஜோக்குக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பட்டம் முடித்தவர்கள் அரசுக் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட நாற்பத்தைந்து வயதுதான் வரம்பு. இந்த செமஸ்டரில் தவறினால் ஒரு வருடம் போய்விடும், ஒரு வருடம் போனால் வரம்பும் போய்விடும். எனக்கெல்லாம் தவறினால் வீட்டில் நாலு திட்டு. அவளுக்கு அத்தோடு எல்லாம் முடிந்துவிடும். அதனால்தான் அவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை, காய்ச்சலோடும் போனாள்.

அவளுக்குக் கிடைத்தது ஓட்டுநர் உரிம மேல்முறையீட்டுப் பிரிவு. இரண்டாவது மாடியில் மூன்று கவுன்ட்டர். கதவருகே தனியாக ஒரு மேசை போட்டு அவளை உட்கார வைத்தார்கள். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது, தபாலில் அனுப்பும் கடிதங்களை மடித்து உறையில் போட்டு முகவரி ஒட்டுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் நரை விழுந்த தலையும் மூக்குக் கண்ணாடியும் நிதானமான பேச்சுமாக ஒரு பெண் கதவருகே உட்கார்ந்திருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நேராக அவளிடம்தான் வந்தார்கள். எங்கள் வகுப்புப் பையன்கள் கேலிக்கு வைத்த பெயர் 'மேடம்'. அங்கே ஜனங்கள் நிஜமாகவே அப்படிக் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில், "நான் இல்லைங்க, அந்தக் கவுன்ட்டருக்குப் போங்க" என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டிருந்தாள். போகப்போகக் கூச்சம் விட்டுப்போயிற்று. தெரிந்ததற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பெல்ட்டுக்கு முன்னால் அத்தனை வருடம் நின்றபோது யாரும் அவளை எதுவும் கேட்டதில்லை.

வாரா வாரம் நாங்கள் டைரி எழுதித் தர வேண்டும். என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், என்ன கற்றேன் என்று மூன்று தலைப்பு. முதல் வாரம் இரண்டாவது தலைப்பின் கீழே அக்கா, "முதுகு வலி" என்று எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை வகுப்பெடுக்கும் பேராசிரியை அதன் பக்கத்தில் சிவப்பு மையில், "இன்னும் ஆழமாகச் சிந்திக்கவும்" என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் அக்கா, "கடுமையான முதுகு வலி" என்று எழுதினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கு ஐம்பதுக்கு இருபது, இருபத்திரண்டு என்றுதான் வந்துகொண்டிருந்தது.

ஒன்பதாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு அறைக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். என்ன ஆச்சு என்று நான் நாலு தடவை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு பஸ் டிரைவர் வந்திருக்கிறார். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். கண் பரிசோதனையில் இடது கண் போதாது என்று உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். வேறொரு கண் டாக்டரிடம் காட்டி, ஓட்டலாம் என்று சான்றிதழ் வாங்கி மேல்முறையீடு போட்டிருந்தார். முப்பது நாள் கெடு, அன்றைக்கு இருபத்தேழாவது நாள். கவுன்ட்டரில் ஏகப்பட்ட கூட்டம். அக்காவிடம் வந்து, "எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துச் சொல்லிருங்க மேடம்" என்று மனுவின் நகலை நீட்டியிருக்கிறார். அக்கா பார்த்தாள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, முத்திரை இருந்தது, ரசீது எண் இருந்தது. "எல்லாம் சரியா இருக்கு. கவலப்படாம வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

டாக்டர் சான்றிதழின் அசலைக் கொடுக்க வேண்டும். அவர் மனுவோடு வைத்திருந்தது ஜெராக்ஸ். அசல் அன்றைக்கு அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது.

"இன்னிக்குத் தபால் மடிக்கும்போது அவர் பேரு வந்துச்சு" என்றாள் அக்கா. "'உரிய கெடுவுக்குள் அசல் சான்றிதழ் சமர்ப்பிக்கப்படாததால் தள்ளுபடி.' நான்தான் மடிச்சேன். நான்தான் ஒட்டினேன்."

"அக்கா, படிவத்துலயே அசல் வேணும்னு போட்டிருப்பாங்கல்ல? அவர் படிச்சிருக்கணும்."

"படிச்சுப் புரியாமத்தான என்கிட்ட கேட்டாரு. ஒரு மாத்திர குறைஞ்சாலும் கண்டுபிடிக்கிறவ நான். இதைக் கோட்ட விட்டுட்டேனே."

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "யாருக்கும் தெரியாதுல்ல? அப்ப வாயத் திறக்காதீங்க. இன்னும் ஆறு வாரம், பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டிருங்க" என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். இன்று நினைத்தால் எனக்கே என் மீது வெறுப்பாக இருக்கிறது.

அவள் புதன், வியாழன் இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழன் மாலை டைரியை எடுத்து, நடந்தது அத்தனையையும் ஒன்று விடாமல் எழுதினாள். இரண்டாவது தலைப்பின் கீழே முழுதாக ஒன்றரைப் பக்கம். மறுநாள் டைரியைக் கொடுத்துவிட்டு வந்தாள். சனி, ஞாயிறு முழுக்க யோசித்து, திங்கட்கிழமை காலை அலுவலகக் கண்காணிப்பாளர் முன்னால் ஒரு கடிதத்தோடு போய் நின்றாள். தவறான தகவல் தந்தது நான்தான், அந்த மனுவை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. கடிதத்தைத் தொடாமலே படித்திருக்கிறார். "இத நான் வாங்கினா பதிவு பண்ணணும். பதிவு பண்ணினா, வேலைய மீறி நடந்துக்கிட்டீங்கன்னு உங்க மதிப்பீட்டுத் தாள்லயும் எழுதணும். அப்புறம் உங்க செமஸ்டர் அவ்வளவுதாம்மா. எடுத்துட்டுப் போய் நல்லா யோசிங்க."

"அவருக்கு மறுபடி எடுத்துக்குவாங்களா சார்?"

"ஊழியர் தப்பாச் சொன்னதால கெடு தவறிச்சுன்னா, எடுத்துக்க விதி இருக்கு."

அக்கா கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அன்றைக்கு மாலை கணவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. "சரி, விடு. பாத்துக்கலாம்" என்றது மட்டும் என் காதிலும் விழுந்தது. அவள் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தும் நான் கதவைத் தட்டவில்லை.

பதில் வரப் பத்து நாள் ஆயிற்று. மேலிடத்திலிருந்து வந்தது மூன்றே வரி. பயிற்சி மாணவர் அலுவலக ஊழியர் அல்லர். ஆகவே அவர் சொன்னது அலுவலகம் சொன்னதாகக் கருதப்படாது. தள்ளுபடி உத்தரவில் மாற்றம் இல்லை. கண்காணிப்பாளர் அதைக் காட்டிவிட்டுச் சிரித்தாராம். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலம்மா. அலுவலகத்துக் கணக்குல நீங்க எதுவுமே சொல்லல. சொல்லாததுக்கு நான் எப்படிக் குத்தம் எழுதுறது?" அவளுடைய மதிப்பீட்டுத் தாளில், 'மிக நன்று' என்று போட்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் பேராசிரியை ஒரு டைரியை எடுத்துச் சத்தமாக வாசித்தார். பெயரைச் சொல்லவில்லை. எங்களுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ஜெராக்ஸ், பிளாஸ்டிக் உறை, மடித்த கடிதம், எல்லாம் வந்தது. வாசித்து முடித்து, "டைரின்னா இப்படி இருக்கணும். என்ன ஒரு நேர்மை" என்றார். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. சிலர் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா எழுந்து நின்றாள். "மேடம், அதுல எழுதியிருக்கிறவருக்கு நாம ஏதாவது செய்ய முடியுமா?"

பேராசிரியை கனிவாகத்தான் சொன்னார். "அது அந்த அலுவலகத்தோட நடைமுறை. நாம அதுல தலையிட முடியாதும்மா. இதுலருந்து நீங்க என்ன கத்துக்கிட்டீங்க, அதுதான் நமக்கு முக்கியம். நீங்க நிறையவே கத்துக்கிட்டீங்க."

அக்கா உட்கார்ந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. உறையில் ஒட்டிய முகவரி அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. "நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்" என்றாள். தனியாக அனுப்ப மனம் இல்லாமல் நானும் போனேன். இரண்டு பஸ் மாறி, நகரத்தின் ஓரத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் இல்லை. மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் அவரேதான். காலை பதினொரு மணி. வீட்டில் வேறு யாரும் இல்லை, மனைவி வேலைக்குப் போயிருந்தார். தரையில் ஈரம் காயவில்லை, அவர்தான் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க மேடம், வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார், அதையும் ஒரு தடவை துடைத்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "மறுபடி எடுத்துக்கிட்டாங்களா மேடம்? நீங்களே நேர்ல வந்துருக்கீங்க."

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தான் அதிகாரி இல்லை, டோக்கன் கொடுக்க உட்கார வைத்த மாணவி என்றாள். அசல் வேண்டும் என்பது தனக்குத் தெரியாது, தெரியாமலேதான் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். கடிதம் கொடுத்ததையும், அது செல்லாது என்று ஆனதையும் சொன்னாள். தன் செமஸ்டர் பற்றியோ, வயது வரம்பு பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மன்னிச்சிருங்க" என்றாள்.

அவர் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் கையில் இருந்த துணியைப் பிழிந்து, வாளியின் விளிம்பில் பொறுமையாக விரித்துப் போட்டார். அப்புறம் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார்.

"அன்னிக்கே தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். "நான் வரிசையில நின்னிருப்பேன். எனக்கு அன்னிக்கு வேற என்ன வேல?"