விளக்கின் உறையைக் கிழித்தவள்

மினியாங் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. டிவி ரிமோட்டுக்கு உறை, சோபாவுக்கு உறை. பிலிப்பைன்ஸில் எங்கள் இலொய்லோ ஊரில் எல்லார் வீட்டிலும் இதே லட்சணம்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை. அதனால்தான் ஆஸ்பத்திரி விளக்கின் உறையைக் கிழித்தது அவள் என்று கேள்விப்பட்டபோது தெருவில் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் கிழித்தது சாட்சாத் அவளேதான்.

முழுப் பெயர் ஹெர்மினியா டொலோசா. சின்னவர்கள் எல்லாருக்கும் அவள் மனாங் மினியாங், மூத்த அக்கா. மாகாண ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டில் பத்தொன்பது வருஷமாகத் துப்புரவு வேலை. பத்தொன்பது வருஷமும் ஆறு ஆறு மாத ஒப்பந்தம்தான். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் நிர்வாகி கையெழுத்துப் போட்டால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். ஐந்தாவது வருஷம் அவளுக்கே நோய் தொற்றி ஆறு மாதம் மாத்திரை விழுங்கினாள். மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த ஆறு மாதமும் பெற்ற பிள்ளைகளைக் கிட்டே வரவிடாமல் வாசலில் நிறுத்தி வைத்ததை மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை.

தினமும் காலையில் வார்டின் பன்னிரண்டு நோயாளிகளும் வெயில் காய முற்றத்துக்குப் போவார்கள். அந்த நேரத்தில் புற ஊதா விளக்கை உருட்டிப்போய் நடு வார்டில் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து சுவிட்சைப் போடுவது அவள் பொறுப்பு. அரை மணி நேரம் உள்ளே ஈ காக்கை நுழையக்கூடாது. காற்றில் மிதக்கிற கிருமியை அந்த ஒளி கொன்றுபோடும்; ஆள் நின்றால் ஆளின் கண்ணையும் தோலையும் பதம் பார்த்துவிடும். ஒருமுறை மறந்து வைத்த துடைப்பத்தை எடுக்க உள்ளே ஓடியவள், மறுநாள் விடியும்வரை கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் துடித்திருக்கிறாள்.

பிப்ரவரியில் அந்தப் பழைய விளக்கு செத்தது. மணிலாவிலிருந்து ஒரு தர்ம சங்கம் புதிய விளக்கு ஒன்றை அனுப்பியது. பாதிரியார் வந்து ஆசீர்வதித்து, சங்கத்துத் தலைவி ரிப்பன் வெட்டும்வரை அது புத்தம் புதிதாக இருக்க வேண்டாமா? நிர்வாகி கதால்பாஸ் சாப்பாட்டு மேசைக்கு விரிக்கிற தடித்த பிளாஸ்டிக்கை வாங்கி விளக்கைச் சுற்றித் தைக்கச் சொல்லிவிட்டார். விளக்கு எரியலாம், உறையை மட்டும் தொடக்கூடாது. பாதிரியாருக்கு ஒழிந்த நாளில் தலைவிக்கு ஒழியவில்லை, தலைவிக்கு ஒழிந்த நாளில் புயல். இப்படியே நாலு மாதம் ஓடியது. பிளாஸ்டிக் வழியாக நீல வெளிச்சம் அழகாகத்தான் தெரிந்தது. மினியாங்குக்கும் சந்தேகம் வரவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலையில் விளக்கைப் போட்டுவிட்டுப் போனவள், அரை மணி ஆவதற்குள் வாளியோடு திரும்பி வந்து திக்கென்று நின்றாள். விளக்கு எரிகிறது, கதவு திறந்திருக்கிறது, நர்ஸ் ஜெசில் உள்ளே உட்கார்ந்து சாவகாசமாக ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"அடிப்பாவி! எந்திரிச்சு வெளிய வாடி! கண்ணு போயிடும்!"

"ஐயோ மனாங், ஏன் இப்படிக் கத்துறீங்க? ரெண்டு வாரமா இங்கதான் உட்கார்ந்து எழுதுறேன். இது நல்ல விளக்கு. கண்ணே எரியல."

"ரெண்டு வாரமாவா? கண்ணு எரியவே இல்லையா?"

"கொஞ்சம்கூட இல்ல. ஏ.சி. மட்டும் இருந்தா இங்கயே தூங்கிடுவேன்."

ஆளை ஒன்றும் செய்யாத விளக்கு கிருமியை மட்டும் என்ன செய்துவிடும்? அப்படியானால் நாலு மாதமாக அந்த வார்டில் விளக்கே இல்லை. மே மாதம் சலவைப் பிரிவில் ஒருவன் இருமத் தொடங்கி இப்போது மாத்திரையில் இருக்கிறானே, அவன் முகம் நினைவுக்கு வந்தது. ஜெசிலுக்கு லண்டன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. ஆகஸ்டில் நெஞ்சு எக்ஸ்ரே. அதில் ஒரு புள்ளி தெரிந்தாலும் பயணம் நின்றுபோகும். அவள் சம்பளத்தை நம்பி மூன்று தம்பிகளின் படிப்பு இருக்கிறது.

நிர்வாகியிடம் சொன்னாள். "விளக்கு எரியுதா இல்லையா? எரியுதுல்ல? போய் வேலையைப் பாருங்க," என்றார் அவர். விழா ஜூன் முப்பது என்று ஒருவழியாக முடிவாகியிருந்தது. மனிதர் தலைகால் புரியாமல் பந்தலுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். யாரும் செய்து பார்க்காதீர்கள், புத்திகெட்ட காரியம். ஜூன் இருபத்தெட்டாம் தேதி புருஷனின் வெல்டிங் கண்ணாடியை மாட்டி, முகத்தையும் கழுத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். உறையின் தையலை ஒரு சாண் பிரித்தாள். முன்கையில் பாதி அந்தத் திறப்புக்கு நேராகவும், மீதிப் பாதி பிளாஸ்டிக்குக்கு நேராகவும் வரும்படி நீட்டினாள். பத்து நிமிஷம் அசையவில்லை.

மறுநாள் காலையில் அந்தக் கையோடு நிர்வாகி முன்னால் போய் நின்றாள். மணிக்கட்டிலிருந்து பாதிவரை வெந்நீர் பட்டாற்போல் சிவந்திருந்தது. பிளாஸ்டிக்குக்கு நேராக இருந்த பாதி எப்போதும்போல் இருந்தது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரு எல்லை.

"பாருங்க சார். உங்க பிளாஸ்டிக் என் தோலைக் காப்பாத்துது. கிருமியையும் அப்படியேதான் காப்பாத்துது."

கதால்பாஸ் கையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "நாளைக்கு விழா, மனாங். நாலு மாசம் பொறுத்தாச்சு. இன்னும் ஒரு நாள் பொறுத்தா என்ன குடியா முழுகிடும்?"

"உள்ள உட்கார்ந்து எழுதுற பொண்ணு மூச்சு விடாம பொறுத்துக்குவாளா சார்?"

"உங்க ஒப்பந்தம் இன்னும் என் மேஜை மேலதான் கிடக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"கிடக்கட்டும் சார்."

நேராக வார்டுக்குப் போனாள். கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து உறையை மேலிருந்து கீழ்வரை கிழித்து, சுருட்டி, குப்பைக் கூடையில் திணித்தாள். குழாயை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். கதவைச் சாத்திச் சுவிட்சைப் போட்டாள்.

விழா நாளன்று நோயாளிகள் எல்லாரும் தலைவாரி, சட்டை மாற்றிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கவே தாமதமாகிவிட்டது. அதனால் பாதிரியாரும், மணிலாவிலிருந்து வந்த தலைவியும், கத்தரிக்கோல் வைத்த தட்டோடு கதால்பாஸும் வார்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவுக்குக் குறுக்கே மினியாங் நின்றாள்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. யாரும் உள்ள போகக்கூடாது."

கதால்பாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "மானத்தை வாங்காதீங்க. தள்ளுங்க."

"உறை இருந்தப்போ உள்ள போய் படுத்துக்கூட போட்டோ எடுத்திருக்கலாம் சார். இப்ப இது நெஜ விளக்கு," என்றாள் அவள். கிசுகிசுக்கவில்லை, முற்றத்துக்கே கேட்டது.

"என்ன உறை?" என்று கேட்டார் தலைவி.

மினியாங் சட்டைக் கையை மடித்து முன்கையை நீட்டினாள். நாலு மாதக் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். தலைவி அந்தச் சிவப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு பாதிரியாரிடம், "ஃபாதர், நாம காத்திருப்போம்," என்றார். வெயிலில் பட்டுச் சட்டை நனைய நனைய எல்லாரும் பதினைந்து நிமிஷம் நின்றார்கள். அவள் ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழவில்லை. தலைவி மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். கதால்பாஸ் நாற்காலியில்தான் இருந்தார். ஜூலை முழுக்க மினியாங் சந்தையில் மீன் செதில் சுரண்டினாள். அழுகையாக வந்தது, அழுதாள். கிழித்ததற்காக அல்ல, பத்தொன்பது வருஷத்துக்காக.

ஆகஸ்டில் ஒருநாள் ஜெசில் சந்தைக்கே ஓடிவந்தாள். கையில் பெரிய உறை ஒன்று, மடித்த காகிதம் ஒன்று. எக்ஸ்ரே படத்தை உருவி நீட்டினாள். மினியாங் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஒரு புள்ளிகூட இல்லை.

"போய்ட்டு வாடி என் செல்லம்," என்றாள்.

"இதையும் பாருங்க மனாங். புதுசா வந்த ஆளுங்க யாரும் நிக்கல. சார் உங்களைத் திரும்பக் கூப்பிடுறார். ஆனா இதுல கையெழுத்துப் போடணுமாம்."

'ஆஸ்பத்திரிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு வருந்துகிறேன்' என்று அச்சடித்திருந்தது. மினியாங் இரண்டு தரம் படித்தாள். ஜெசிலின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, 'வருந்துகிறேன்' என்ற சொல்லை அழுத்தி அடித்தாள். அதன் கீழே, 'நான்தான் கிழித்தேன். மறுபடி மாட்டினால் மறுபடி கிழிப்பேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"கொண்டுபோய்க் கொடு," என்றாள். "வாங்கிக்கிட்டோம்னு முத்திரை குத்தி எனக்கு ஒரு நகல் வாங்கிட்டு வா."