கேத்ரின் மேடம் வகுப்புக்கு வந்த வெள்ளைக் குட்டி

கேத்ரின் மேடத்தின் சாப்பாட்டுக் கேரியரைக் கேட்காமல் யாரும் திறக்கக் கூடாது என்பது எங்கள் கல்லூரியில் எழுதாத சட்டம். ஒருநாள் பசி தாங்காமல் நான் திறந்துவிட்டேன். உள்ளே ஓர் ஆட்டின் இதயம் ஈரம் காயாமல் கிடந்தது.

"மேல் அடுக்குல எலுமிச்சம் சாதம் இருக்கு பாண்டி சார். கீழ இருக்குறது பிள்ளைகளுக்குப் பாடம்" என்றார், விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து இராஜபாளையம் வந்து, பி.காம்., பி.ஏ. பிள்ளைகளுக்கு விருப்பப் பாடமாக உயிரியல் நடத்துவதுதான் அவர் வேலை. படித்தது விலங்கியல். ஆள் சேராமல் அந்தத் துறையை மூடியபோது நிர்வாகம் அவருக்கு விட்டு வைத்தது இந்த ஒரு பாடத்தைத்தான். நான் வணிகவியல். எங்கள் பிள்ளைகளுக்குச் செவுளும் ஈரலும் எதற்கு என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். "அவங்களுக்கும் ஈரல் இருக்குல்லா சார்" என்பார்.

அவர் வகுப்பில் வாயில் நுழையாத பெயர்கள் கிடையாது. கறிக்கடையில், மீன் சந்தையில், வீட்டுக் கொல்லையில் கிடைப்பதுதான் பாடம். மரபுப் பாடம் வந்தபோது எங்கள் ஊர்ப் பெயரோடு இருக்கும் இராஜபாளையம் நாயையே பிடித்தார். நாய் வளர்க்கும் சங்கையாவிடம் கேட்டு வாங்கிய வெள்ளைக் குட்டி ஒன்றை மேசையில் விட்டுவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். வகுப்பே துள்ளியது. குட்டி திரும்பவில்லை. முழு வெள்ளைதான் வேண்டும் என்று வெள்ளையோடு வெள்ளையையே, அதுவும் ஒரே வழியில் வந்தவற்றையே சேர்த்துக்கொண்டு போனால் சில குட்டிகளுக்கு இப்படிக் காது போய்விடுகிறது என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

மம்சாபுரத்திலிருந்து வரும் யோகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. வருகைப் பதிவுக்குத் தவிர வாய் திறக்காத பெண் எழுந்து நின்றாள்.

"மனுசங்களுக்கும் இப்பிடித்தானா மேடம்?"

"நாய்க்கு நிறத்தால வருது, நமக்கு அப்பிடி இல்ல. ஆனா நெருங்குன சொந்தத்துல கட்டுனா, ரெண்டு பேர்ட்டயும் மறைஞ்சு கிடக்குற ஒரே குறை பிள்ளைட்ட ஒண்ணு சேரலாம். எல்லாருக்கும் சேராது. வாய்ப்பு கூடுது, அம்புட்டுதான்."

சொன்னதில் பிழை இல்லை. சொன்னபோது அவர் கை நாய்க்குட்டியின் தலையில் இருந்தது, அதுதான் பிழை.

யோகேஸ்வரியின் அக்காவைத் தாய்மாமனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா மகனுக்குக் காது கேட்காது. வருகிற வைகாசியில் இளைய மாமனுக்கு யோகேஸ்வரி என்று பேச்சு முடிந்திருந்தது. மாமன் மேல் அவளுக்கு வெறுப்பில்லை, பயம்தான். வீட்டுக்குப் போய், கல்யாணம் வேண்டாம், மேடம் நாயைக் காட்டிச் சொன்னார் என்று ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறாள். அவள் அம்மா மாரிக்கனியின் காதில் நாய் மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் அந்த அம்மா நேரே ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டார்.

"எம் பேரனையும் நாய்க்குட்டியையும் ஒண்ணா வச்சுப் பாடம் நடத்துறீகளாமே. இதுக்குத்தான் எம்மகள பஸ் ஏத்தி அனுப்புதேனா?"

நான் முதல்வரைக் கூப்பிட எழுந்தேன். கேத்ரின் மேடமும் எழுந்தார்.

"நாயைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என் தப்புதான்க்கா. மன்னிச்சிருங்க."

சண்டைக்கு வந்தவருக்கு எதிரில் சண்டை இல்லை. மாரிக்கனி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொந்தம் என்ன டீச்சர் செய்யும்? எம்மூத்தவ வயித்துப் புள்ளயோட அந்த மார்கழி மாசச் சூரிய கெரகணத்தன்னைக்கு வெளிய வந்தா. கோழியக் கூண்டுல அடைக்கப் போறேன்னு வந்தா. எம்புட்டோ சொன்னேன், கேக்கல. அதான் புள்ளைக்குக் காது போச்சு."

"அந்தக் கிரகணத்தை எங்க தெருவே வெளிய நின்னு பாத்துச்சு. பக்கத்து வீட்டு பிளஸ்ஸிக்கு அப்ப வயித்துல ஏழு மாசம். அவ மகன் மிட்டாய்த் தாள் பிரிக்கிற சத்தத்துக்கே ஓடி வருதான். கிரகணத்துக்கும் காதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லக்கா. சொந்தம்தான் காரணமான்னு மதுரையில ரத்தம் எடுத்துப் பாத்தாத் தெரிய வாய்ப்பிருக்கு. பாத்துட்டுப் பொறவு கல்யாணத்தப் பேசுங்க. ஆனா மூத்தவ மேல ஒரு தப்பும் இல்ல. அத இப்பவே சொல்லுதேன்."

"அவ ஒண்ணும் செய்யலயா?"

"இல்லக்கா. நீங்களும் தெரிஞ்சு செய்யல."

"அந்தப் புள்ளய அவ கையில இருந்து வாங்கும்போதெல்லாம் இதச் சொல்லிக் காட்டித்தான் வாங்குவேன்" என்றார் மாரிக்கனி. கணக்கில் பிழை என்றால் அதற்கு ஓர் ஆள் பொறுப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே வயதானவன் நான். யாரும் செய்யாத பிழையும் உண்டு என்பது கேத்ரின் மேடத்தின் பாடத்தில்தான் இருக்கிறது.

"ரத்தம் பாக்காம வைகாசி இல்ல. எந்தம்பிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று மாரிக்கனி எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, இடுப்பிலிருந்து போனை எடுத்து மேடத்திடம் நீட்டினார். "மூத்தவகிட்ட இத நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, தான் யார் என்று சொல்லி, கிரகணத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் மேடம் மறுபடி நிதானமாகச் சொன்னார். உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று முடித்தார். ஸ்பீக்கரில் மூத்தவளின் குரல் வந்தது.

"எங்கம்மா பக்கத்துல இருக்காகளா டீச்சர்?"

"இருக்காங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"அப்ப இன்னொருக்கா சொல்லுங்க."