சித்தேரி மலையடியில் அருளப்பனின் குட்டை

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பறவை பார்க்க இடம் இருக்கிறதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது ஒரே இடம்தான். அங்கே நான் போனது எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்துப் போயிருந்த ஒரு மே மாதத்தில். அப்போது சேலத்தில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தேன். சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு விவசாயி தன் சொந்த நிலத்தில் ஓடைக்குக் குறுக்கே மண்கரை எழுப்பி, தேங்கிய தண்ணீரைக் காட்டு விலங்குகளுக்கென்றே விட்டுவைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். விடுமுறை வந்ததும் கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணிக்குச் சேலத்தில் அரூர் பஸ். மஞ்சவாடிக் கணவாயில் இரண்டு பக்கமும் மரங்கள் மொட்டையாக நின்றன. பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கி, நாளுக்கு இரண்டு ரூபாய் என்று பேசி வாடகை சைக்கிள் எடுத்தேன். கடைக்கார பாய் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, எங்கே போகிறேன் என்று விசாரித்தார்.

"அருளப்பன் குட்டைக்குங்களா? போன வருசம் வந்திருக்கணும் சார் நீங்க. இப்ப அங்க சேறுதான் கெடக்குது."

மலைப்பக்கமாக எட்டு கிலோமீட்டர். கடைசி மூன்று வெறும் வண்டிப்பாதை. பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். அருளப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. அவர் மனைவி மரியம்மாள் சொம்பில் பாதி அளவே தண்ணீர் கொண்டுவந்து, "தப்பா நெனைக்காதீங்க சார், அவ்வளவுதான் இருக்குது" என்றார். அதைக் குடிக்கவே கூச்சமாக இருந்தது.

கரை நான் நினைத்ததைவிடப் பெரியது. கணவனும் மனைவியுமாக மூன்று கோடை மண் சுமந்து போட்டதாம். ஆனால் உள்ளே பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும், ஒரு வீட்டு வாசல் அகலத்துக்கு, பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். அதைச் சுற்றி நான்கைந்து கொக்குகள், செத்த மீன்களைக் கொத்திக்கொண்டிருந்தன.

கரைக்குக் கீழே காய்ந்து நின்ற மரவள்ளிக் காட்டைப் பற்றிக் கேட்டேன். அருளப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மாதையண்ணன் காடுங்க. தை மாசம் வந்து, மதகத் தொறந்து வுடுன்னு கேட்டாரு. இடுப்பளவு தண்ணி இருந்துச்சு அப்ப. வுட்டுட்டா மானும் மயிலும் எங்க போவும்னு முடியாதுன்னுட்டேன். பயிரு போச்சு. அதுலேர்ந்து பேச்சுவார்த்தை இல்லீங்க."

"தொறந்து வுட்டிருக்கலாம்," என்றார் மரியம்மாள்.

சாயங்காலம் கரைக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தேன். வெயில் தாழ்ந்ததும் ஒரு பெண் புள்ளிமான் குட்டியோடு இறங்கி வந்தது. குட்டி ஓரத்திலேயே நின்றுகொண்டது. தாய் தண்ணீரை நோக்கி நடந்தது. பாதி வழியில் மேலே காய்ந்திருந்த மண் உடைந்து முன்கால்கள் உள்ளே போயின. உதறியது. உதற உதற இன்னும் இறங்கியது. வயிறு வரைக்கும் சேற்றில் புதைந்த பிறகுதான் எனக்குக் கத்தத் தோன்றியது.

அருளப்பன் மாட்டுக் கொட்டகைக் கதவைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதைச் சேற்றின் மேல் போட்டு, படுத்தபடியே நகர்ந்து போய் மானின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தார். எங்களிடம் இருந்த கயிறு எட்டவில்லை. மரியம்மாள் கரை மேல் ஓடிக் கீழே பார்த்துக் கத்தினார்: "மாதையண்ணா! கெணத்துக் கயித்த எடுத்துக்கிட்டு ஓடியாங்க!"

அவர் வருவாரென்று நான் எதிர்பார்க்கவில்லை. தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் இடுப்பளவு சேற்றில் இறங்கி, மானின் வயிற்றுக்கு அடியில் கயிற்றைக் கொடுத்தார். அவர் அடியிலிருந்து தள்ள, நானும் மரியம்மாளும் கரையிலிருந்து இழுத்தோம். வெளியே கொண்டுவருவதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. மான் கரையில் படுத்து மூச்சு வாங்கியது. மரியம்மாள் அதன் வாயில் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வாய் குடித்திருக்கும். பிறகு தலை சாய்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் குட்டியைக் காணவில்லை.

அருளப்பன் சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாதையண்ணா, மதகத் தொறந்துக்க. இருக்கிறதெல்லாம் எடுத்துக்க. எனக்கு வேணாம்."

"தண்ணி மதகுக்குக் கீழ போயி எத்தினி நாளாச்சு அருளு," என்றார் மாதையன். குரலில் கோபம் இல்லை. "தையில கேட்டப்ப இருந்துச்சு."

மானைக் கரைக்கு அந்தப் பக்கம் புதைத்தோம். எனக்கு அன்றிரவு அங்கேயே தங்கல்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அருளப்பனும் மாதையனும் வேலிகாத்தான் முள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இனி எதுவும் உள்ளே இறங்கக்கூடாது என்று குட்டையைச் சுற்றி அடைக்கிறார்களாம். நானும் முள் இழுத்தேன். மதியத்துக்குள் வேலி முடிந்தது. அருளப்பன் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுங்க வரணும்னுதான சார் இந்தக் கரையவே போட்டது" என்றார். மாதையன் தன் கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வேலிக்கு வெளியே கல்தொட்டியில் ஊற்றினார். "எங்க வூட்டுக்கே பத்தல. ரெண்டு கொடத்துக்கு மேல முடியாது," என்றார்.

அவர்களில் யார் செய்தது சரி என்று இத்தனை வருடத்தில் பலமுறை யோசித்திருக்கிறேன். வகுப்பில் காட்டையும் விலங்கையும் பற்றி எளிதாகப் பேசியிருக்கிறேன். அந்தக் கரையில் நின்றபோது எந்தப் பக்கமும் பேச வாய் வரவில்லை. தண்ணீர் பயிருக்கும் மானுக்கும் சேர்த்துப் போதுமானதாக இல்லை, அவ்வளவுதான்.

அதன்பின் நான் அங்கே போகவில்லை. குட்டை இப்போது எப்படி இருக்கிறதோ தெரியாது. போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அது ஒருவருடைய சொந்த நிலம். வீட்டில் கேட்டுவிட்டு இறங்குங்கள். குடிக்கத் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். வற்றிய குட்டைக்குள் கால் வைக்காதீர்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் சேறு ஆளையே இழுத்துவிடும். ஐப்பசி மழைக்குப் பிறகு, கார்த்திகை, மார்கழியில் போவது நல்லது. மழையில்லாத வருடமென்றால் போகவே வேண்டாம். நான் கிளம்பிய அன்று மாலை ஐந்தாறு மான்கள் தொட்டிப் பக்கம் இறங்கி வந்தன. சைக்கிளோடு பாதையில் நின்ற என்னைப் பார்த்ததும், குடிக்காமலே மலையேறிவிட்டன.