இடது சீட்டில் உட்கார்ந்திருந்தவர்

வெள்ளிக்கிழமை, துணி அலசிக்கொண்டிருந்தேன். பர் துபாயில் ஜவுளிக் கடையில் இருக்கும் மைதீன் பாயின் மச்சினன் போன் செய்தார். சலாம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. "அண்ணே, எங்க மச்சான் மவுத்தாயிட்டாரு" என்றார். லீவில் ஊருக்குப் போயிருந்த ஆள். நோய்நொடி ஒன்றும் கிடையாது. "எப்படிய்யா?" என்று கத்திவிட்டேன். "ரோட்டத் தாண்டறப்ப லாரி அடிச்சிருச்சுண்ணே." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். ரோட்டைப் பார்த்துச் சொல்வதற்காகவே தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனிதர் அவர்.

புஜைரா மலைக் குவாரியில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் மைதீனைத் தெரியும். கேம்ப் மெஸ்ஸில் சாமான் கணக்குப் பார்த்தவர். தொண்டிப் பக்கத்துக்காரர். எனக்கு அறந்தாங்கி; ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். நம் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நல்லவர், வல்லவர் என்று எழுத எனக்கு வரவில்லை. அந்த வேனைப் பற்றி எழுதினால்தான் அவரைப் பற்றி எழுதியதாகும்.

ஊரில் நான் மினி லாரி ஓட்டியவன். இங்கே வந்து லைசென்ஸ் எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. ஸ்டியரிங் இடது பக்கம், ரோட்டில் போவது வலது பக்கம். டெஸ்டுக்குப் போகும்போதெல்லாம் ஊர்ப் பழக்கம் வந்து காலை வாரிவிடும். பக்கத்தில் இருக்கும் பட்டான் வாத்தியார், "யே இந்தியா நஹி ஹை பாய்!", இது இந்தியா இல்லை என்று தலையில் அடித்துக்கொள்வார். மண்டைக்குள் இருந்ததையெல்லாம் இடம் வலமாக மாற்றிப்போட்டு, ஒருவழியாக லைசென்ஸ் வாங்கினேன். இனி நிம்மதி என்று நினைத்தேன். அப்போதுதான் மேனேஜர் அந்த ஜப்பான் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

நாலு சக்கரமும் இழுக்கும் வேன். ஓடைக்கல், செங்குத்து மேடு எதுவானாலும் ஏறும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்டியரிங் வலது பக்கம். இங்கே அதற்குப் பதிவு கிடைக்காது என்பதால் மலிவாக வந்தது. குவாரியின் சொந்த ரோட்டில் கேம்ப்புக்கும் கல் உடைக்கும் கிரஷருக்கும் இடையே மட்டும் ஓட்டச் சொன்னார்கள். "உங்க ஊர் மாதிரிதானே, என்ன கஷ்டம்?" என்றார் மேனேஜர். எங்கள் ஊர் மாதிரியாவது இருந்திருந்தால் பரவாயில்லையே! ஸ்டியரிங் எங்கள் ஊர், ரோடு அரபு நாடு. ஒரு வண்டிக்குள் இரண்டு தேசம். நான் கியரைத் தேடினால் வலது கை கதவில் போய் இடிக்கும். இண்டிகேட்டர் என்று தட்டினால் வைப்பர் ஆடும். மழையே காணாத மலையில் காய்ந்த கண்ணாடியைக் கறகறவென்று துடைத்துக்கொண்டு நான் திரும்புவேன். எதிரே வரும் டிப்பர்காரர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை முந்திச் செல்வது. மேலே ஏறும் தண்ணீர் டேங்கர் ஆமை வேகத்தில் போகும். அதன் புழுதி முழுக்க நமக்கு. முந்தலாம் என்றால் நான் உட்கார்ந்திருப்பதோ வலது ஓரத்தில், பள்ளத்தை ஒட்டி. டேங்கரின் முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. எதிரே என்ன வருகிறது என்பது இடது சீட்டில் இருப்பவனுக்குத்தான் தெரியும். அந்த சீட்டில் உட்கார ஒருவனும் தயாரில்லை. எதிர் வண்டிக்கு நேராக, பிடித்துக்கொள்ள ஸ்டியரிங்கூட இல்லாமல் யார் உட்காருவான்? மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வரும் மைதீன்தான் உட்கார்ந்தார், சாம்பார் வாளியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு.

அங்கே ஆரம்பித்தது என் இரத்தக் கொதிப்பு. "பாய், போகலாமா?" என்று கேட்டால் போ, இரு என்று ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாது. "ஒரு வண்டி வருது மாப்ள. நம்ம குல்பாஸ் ஓட்டுற டிப்பர் மாதிரி இருக்கு. அவனுக்கு நேத்துலேருந்து வயித்து வலி, பாவம்…" "போகலாமா வேணாமா?" "அவன் போயிட்டான். பின்னாடி புழுதியா கெடக்கு. புழுதிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியல. இரு." புழுதி அடங்குவதற்குள் வளைவு வந்துவிடும். வளைவில் முந்தக் கூடாது. மறுபடி டேங்கரின் முதுகு.

சாப்பாடு தாமதமாகும். கிரஷரில் பசியோடு காத்திருப்பவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். சோறு போடுகிற கையை யாரும் திட்டுவதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன் பாய், ஒருநாளாச்சும் தைரியமா போன்னு சொல்ல மாட்டீங்களா? சோறு ஆறிப்போச்சு." அவர் கொஞ்சமும் பதறவில்லை. "சோறு ஆறிப்போனா சூடு பண்ணிக்கலாம் மாப்ள. நீ ஆறிப்போனா நான் என்ன பண்றது?" அவர் சொல்லி வாய் மூடவில்லை, முன்னே கிடந்த புழுதிக்குள்ளிருந்து கல் ஏற்றிய டிப்பர் ஒன்று ஹாரன்கூட அடிக்காமல் இறங்கிப் போனது. எனக்கு உடம்பு வியர்த்துவிட்டது. இருந்தும் எரிச்சல் போகவில்லை. தப்பு செய்கிறவன்மேல் கோபப்படலாம். எப்போதும் சரியாகவே இருக்கிறவனை என்ன செய்வது?

நாள் ஆக ஆக, அவர் குரல் இல்லாமல் எனக்கு வேன் ஓடவில்லை. அவர் காய்ச்சலில் படுத்த நாட்களில் கடைசிவரை டேங்கரின் பின்னாலேயே போய்ச் சேர்வேன். அவரிடம் இதை நான் ஒப்புக்கொண்டதில்லை.

இந்தக் கடைசி லீவுக்கு முந்தின லீவில் நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஊரில் பஸ்ஸுக்கு ரோட்டின் எந்தப் பக்கம் நிற்பது என்பது மறந்து, இங்கே நிற்பதுபோல நின்று, எதிர்த்திசை பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டாராம். "கண்டக்டர் எழுப்பினப்பத்தான் தெரிஞ்சது மாப்ள, பொண்டாட்டி ஊருக்குப் போறதுக்குப் பதிலா எங்கேயோ போயிட்டேன்னு." ரூமில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான்.

துக்கம் விசாரிக்க பர் துபாய்க்குப் போனபோது மச்சினன் நடந்ததை முழுவதும் சொன்னார். மைதீன் கடைத்தெருவில் மீன் வாங்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றிருக்கிறார். அவசரம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் நன்றாகப் பார்த்தார், வண்டி எதுவும் இல்லை என்று இறங்கினார். லாரி வலது பக்கத்திலிருந்து வந்தது. "பாக்காம எறங்கலண்ணே. மீன்காரம்மா சொல்லுது, நின்னு நிதானமாப் பாத்துட்டுத்தான் எறங்குனாராம்." வந்திருந்த பெரியவர்கள் விதி என்றார்கள், அல்லாவின் நாட்டம் என்றார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. அத்தனை வருஷம் இந்த நாட்டு ரோட்டில் இடது பக்கம் பார், இடது பக்கம் பார் என்று கழுத்தைப் பழக்கியிருக்கிறோம். லீவுக்கு விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் ஊர் வந்துவிடுகிறது. கழுத்து வந்து சேர்வதில்லை. யாரும் நமக்கு இதைச் சொல்வதுமில்லை. சாக்லேட், சென்ட், போர்வை எல்லாம் ஞாபகமாகக் கட்டி அனுப்புகிறார்கள்.

இப்போது இடது சீட்டில் ஒரு நேபாளிப் பையன் உட்காருகிறான். எதைக் கேட்டாலும் "ஜாவ் பாய், ஜாவ்", போ போ என்கிறான், ரோட்டைக்கூடப் பார்க்காமல். நான் முந்துவதையே விட்டுவிட்டேன். சோறு ஆறித்தான் போகிறது.

மைதீன் பாய் எனக்கு விட்டுப்போனது ஒரு சந்தேகம். நான் பார்த்தது சரிதானா என்று என் கண்ணையே கேட்கும் சந்தேகம். அதை வைத்துக்கொள்ளத்தான் போகிறேன். அடுத்த மாதம் எனக்கு லீவு. நேற்று வீட்டுக்குப் போன் செய்து, "பஸ் ஸ்டாண்டுக்கு நீயே வந்துரு" என்றேன். மனைவிக்கு ஆச்சரியம். "பெட்டி தூக்கவா?" என்றாள்.

"இல்ல. எறங்கின ஒடனே என் கையப் பிடிச்சுக்க. ரோட்டத் தாண்டுற வரைக்கும் விட்றாத."

"நாலு பேரு பாப்பாங்களே" என்றாள்.

"பாக்கட்டும்" என்றேன்.