ஆற்று மணலில் ஒரு மணி நேரம்

அத்தையைப் பெண் பார்க்க ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்ததால், பெண்ணே பழம் வாங்கக் கிளம்பினாள். வில்லாபுரத்திலிருந்து சிம்மக்கல்லுக்கு டவுன் பஸ். துணைக்கு எட்டு வயது நான்.

வாங்கி முடித்ததும் அத்தை பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை, வைகைக்குள் இறங்கினாள். ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தாள்.

"போலாம் அத்தே, அப்பா திட்டுவாரு."

"இருடி. அந்தக் கொக்கு மீன் பிடிக்கட்டும், போயிருவோம்."

கொக்கு அசையவே இல்லை. பாலத்தின் மேல் போன ஒவ்வொரு பஸ்ஸும் எங்கள் பஸ்ஸாகவே எனக்குத் தெரிந்தது. அவளோ ஈரமணலில் பாதத்தைப் புதைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். பதிந்த குழியில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், "மணி என்னம்மா?" என்று கேட்டார்.

"அஞ்சாகப் போகுதுண்ணே" என்றாள், வேறு யார் வீட்டுக்கோ விருந்தாளி வருவதைப் போல.

நான் அழத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துக் கொக்கு சட்டென்று ஒரு மீனைக் கவ்வியது. "பாத்தியா, பாத்தியா!" என்று அத்தை கைதட்டினாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

வீடு சேர்ந்தபோது மணி ஆறேகால். வந்தவர்கள் காத்திருந்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா வாசலிலேயே நின்றார்.

"எங்க போன?"

"ஆத்துல உக்காந்திருந்தேன்ணே."

"யாரு கூட?"

"யாரும் இல்லண்ணே. சும்மாதான்."

"சும்மா ஒருத்தி இம்புட்டு நேரம் உக்காருவாளா?" அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. அங்க யாரு இருந்தா?"

அத்தை என்னை ஏறிட்டாள். அவள் பார்வையில் கொஞ்சமும் பயமில்லை.

"எருமை குளிப்பாட்டுற மாமா இருந்தாரு. அத்தைகிட்டப் பேசுனாரு."

"மணிதானண்ணே கேட்டாரு" என்று அத்தை சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஒரே வாரத்தில், அதுவரை வேண்டாமென்று தள்ளிவைத்திருந்த ஓர் இடத்தைப் பேசி முடித்தார்கள். கல்யாணம்வரை அவளைத் தெருவில் கால்வைக்க விடவில்லை.

அன்று அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். பொய் சொல்லாத பெருமையோடு அத்தையிடம் போய் ஒட்டி உட்கார்ந்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டு எழுந்து போனாள். எதற்காக என்மேல் கோபம் என்று எனக்குப் புரியவேயில்லை. நடந்ததைத்தானே சொன்னேன்.